ஒன்பது காலிப் பெட்டிகள்

முப்பிடாதிக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளை எண்ணினால் இருபது தேறும். பஸ், லீவு, ஓவர்டைம், சுகர், பிரஷர் என்று தேவைக்கு வந்து ஒட்டிக்கொண்டவைதான் எல்லாம். இரண்டு வருஷமாக அதில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. வெர்பல். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. அவள் மகள் சுடலைச்செல்வியை இரண்டு தடவை வாசலோடு திருப்பி அனுப்பியது அதுதான்.

செல்வி இன்ஜினியரிங் முடித்து மெட்ராஸில் இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவள். பெரிய மேனேஜ்மென்ட் கல்லூரியில் படித்து வந்தவர்கள் நேற்று வந்து இன்று தலைக்கு மேல் உட்காருவதைப் பார்த்துப் பார்த்து, அந்தக் கல்லூரியில் தானும் படிக்க வேண்டும் என்று வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டாள். அதற்கு ‘கேட்’ என்று ஒரு பரீட்சை. வருஷத்துக்கு ஒரு தடவை, கார்த்திகை மாதத்தில் வரும்.

"கணக்குல தொண்ணூத்தேழும்மா. வெர்பல்ல மட்டும் அறுபத்தெட்டு" என்றாள் முதல் வருஷம். மறுவருஷம் அந்த அறுபத்தெட்டு எழுபத்தொன்று ஆனது.

"எழுபத்தொண்ணுன்னா என்னட்டி கணக்கு?"

"நூறு பேரு எழுதுனா எழுபத்தொரு பேருக்கு மேல நான் நிக்கேன்."

"எழுபத்தொரு பேர முந்தியிருக்கியே, அது போதாதாக்கும்?"

"எண்பது வேணும்மா. அதுக்குக் கொறஞ்சா மத்ததுல எம்புட்டு எடுத்தாலும் கூப்பிட மாட்டாவ. அந்த வெர்பல்லதான் இங்கிலீசுல ஒரு பக்கத்துக்குக் கத குடுத்து அதுல கேள்வி கேப்பாவ. நாலு பதில் இருக்கும். நாலும் சரி மாதிரியே இருக்கும்."

மூன்றாவது தடவைதான் கடைசி என்று செல்வியே சொல்லிவிட்டாள். வயசு இருபத்தைந்து. சேர்த்து வைத்திருந்த சம்பளம் கரைந்துவிட்டது. "இதுலயும் வரலன்னா கெடச்ச வேலைக்குப் போயிருவேன். பேச்சே எடுக்க மாட்டேன்" என்றாள். அவள் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் முப்பிடாதி பயந்திருக்க மாட்டாள். மெதுவாகச் சொன்னாள்.

*

முப்பிடாதி வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸ் கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் ரோட்டை ஒட்டி இருக்கிறது. இந்தப் பக்கத்தில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கே ஆபீஸ் என்றுதான் பெயர். தகரக் கூரைக்குக் கீழே முப்பது பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, மருந்து முக்கிக் காய்ந்த குச்சிகளைப் பெட்டியில் அடைப்பார்கள். இடது கையால் உள்பெட்டியை எடுத்து, வலது கையால் குச்சியை அள்ளிப் போட்டு, மேல்பெட்டிக்குள் தள்ளித் தட்டில் அடுக்க வேண்டும். எண்ணிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. ஒரு பெட்டிக்கு எவ்வளவு என்று விரலுக்கே தெரிய வேண்டும். முப்பிடாதியின் விரலுக்கு இருபத்தாறு வருஷமாகத் தெரியும்.

தட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. நிறைந்த தட்டை வாங்கும்போது கணக்குப்பிள்ளை சோலைச்சாமி நாலைந்து பெட்டிகளை உருவிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். ஒரு பெட்டி சத்தம் போடாவிட்டாலும் தட்டு முழுவதும் திரும்பி வரும். நாலு குச்சி குறைந்தால்கூட முகத்தைச் சுளித்துவிட்டுப் போய்விடுவார். வெறும்பெட்டிக்கு மன்னிப்பே கிடையாது.

"கடையில வாங்கிட்டுப் போயி தொறந்து பாக்கவன் என் குடும்பத்தையில்லா ஏசுவான்" என்பார்.

ஐப்பசி பாதி போய்விட்டது. மழை வரவில்லை. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தகரத்தின் வெக்கையும் மருந்து நெடியும் சேர்ந்து மூக்கை அடைத்தன.

"ஏட்டி முப்பிடாதி, ஒம் மவ இன்னமும் அந்தப் பூனைப் பரீட்சைக்குத்தான் படிக்காளா?" என்றாள் பக்கத்துத் தட்டு அமுதவள்ளி. வயசில் மூத்தவள், வாயிலும்.

"பூனை இல்லக்கா. அது கேட்டு."

"கேட்டுன்னா பூனைதானட்டி? எம் பேரன் யூகேஜி படிக்கான். அவன் சொல்லுதான்."

வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது.

"சிரிங்க. அவ பெரிய காலேஜுக்குப் போயி, நாளைக்கு இதே ஆபீஸுக்கு மொதலாளியா வந்து நிக்கும்போது பாக்கேன்."

"வந்து என்ன செய்வா? நம்ம கூலியக் கூட்டுவாளா? அவளும் பெட்டிய ஆட்டித்தான் பாப்பா" என்றாள் அமுதவள்ளி. அதற்கும் சிரித்தார்கள். முப்பிடாதியும் சிரித்தாள். கை மட்டும் யாருக்கும் நிற்கவில்லை.

*

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் ஜெயபாண்டி என்பவர் பேங்குப் பரீட்சைக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். செல்வி சனி, ஞாயிறுகளில் அங்கே கணக்கு சொல்லிக் கொடுப்பாள். அதற்குப் பதிலாக அவர் அவளுடைய மாதிரிப் பரீட்சைத் தாள்களைப் பார்த்துத் தருவார். அவரே அந்தக் ‘கேட்’டை ஐந்து தடவை எழுதிவிட்டு ஓய்ந்த மனுஷன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முப்பிடாதி சந்தைக்கு வந்தவள், மகளையும் கூட்டிப் போகலாம் என்று மாடி ஏறினாள். கையில் கத்தரிக்காயும் கருவாடும் இருந்த பையை வாசலிலேயே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"வாங்கக்கா, நல்ல நேரத்துல வந்திய. உக்காருங்க" என்றார் ஜெயபாண்டி. மேஜையில் தாள்களைப் பரப்பி வைத்திருந்தார். "இது இவ எழுதுன பதினோரு மாதிரிப் பரீட்ச. வெர்பல்ல இருவத்தினாலு கேள்வி. பதினொண்ணுல எதுலயாவது ஒரு கேள்விய விட்டிருக்காளான்னு தேடுதேன். விடல."

முப்பிடாதிக்கு முகம் மலர்ந்தது. "விட மாட்டா சார். சின்னப் பிள்ளையிலருந்தே அப்படித்தான்."

"அதான்க்கா நோயி."

அவளுக்கு விளங்கவில்லை. செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரியா எழுதுனா மூணு மார்க்கு. தப்பா எழுதுனா, சேத்து வச்சிருக்கதுல ஒண்ணப் பிடுங்கிருவான். எழுதாம விட்டா ஒண்ணும் இல்ல. இவ பத்து சரியா எழுதுதா. முப்பது வந்துட்டா? மிச்சம் பதினாலையும் தெரியாமயே குத்துதா. அதுல அஞ்சு நாமளே பதில எழுதுத கேள்வி, அதுக்குக் கழிவு கெடையாது, போகட்டும். ஒம்பது போயிருது. முப்பது இருவத்தொண்ணா நிக்கி. அந்த ஒம்பதுதான்க்கா எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவுல கெடக்கு. ஒங்க மவளுக்கு இங்கிலீசு வராம இல்ல. விடத் தெரியல."

முப்பிடாதி அந்தத் தாளை இழுத்துப் பார்த்தாள். "காலியா விட்டா ஒண்ணுஞ் சொல்ல மாட்டாவளா?"

"சொல்ல மாட்டாவ."

"தாளு திரும்பி வந்துராதா?"

"வராதுக்கா." ஜெயபாண்டி சிரித்தார். "திரும்பி வர்றதுக்கு அது என்ன தீப்பெட்டித் தட்டா?"

அவர் சும்மாதான் சொன்னார். ஆனால் அந்த அறையில் அதைக் கேட்டுச் சிரிக்காத இரண்டு பேர் இருந்தார்கள்.

"விடணும்னு எனக்கும் தெரியும் சார்" என்றாள் செல்வி. "அந்த நேரத்துல கை நிக்க மாட்டேங்கு. கம்ப்யூட்டர் திரையில ஓரமா ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டம் இருக்குல்லா. எழுதுனது பச்சையா இருக்கும், விட்டது செவப்பா நிக்கும். செவப்பா நிக்கதப் பாக்கப் பாக்க நெஞ்சு அடிக்கு."

"கட்டம் செவப்பா நின்னா ஒனக்கு என்ன வந்துச்சு?"

செல்வி ஒரு தடவை அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் டவுன் பஸ்ஸில் முப்பிடாதிக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. அந்தப் பார்வை எங்கே இருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்போதெல்லாம் பள்ளிக்கூட லீவில் பிள்ளைகள் தாய்மாரோடு ஆபீஸுக்கு வந்து பக்கத்தில் உட்காருவதை யாரும் கேட்பதில்லை. இப்போது பிள்ளைகள் உள்ளே வரக் கூடாது என்று வாசலிலேயே போர்டு வைத்துவிட்டார்கள். ஆறாம் வகுப்பு லீவில் செல்வி அம்மாவோடு உட்கார்ந்து அடைத்தாள். பிஞ்சு விரல், ஆனால் வேகம். ஒரு நாள் மத்தியானத் தூக்கக் கலக்கத்தில் மூன்று பெட்டியை வெறுமையாக மூடித் தட்டில் வைத்துவிட்டாள். தட்டு திரும்பி வந்தது. முப்பது பேர் பார்க்க, சோலைச்சாமி பேசாத பேச்செல்லாம் பேசினார். முப்பிடாதி தட்டின் மரச்சட்டத்திலிருந்து கழன்று கிடந்த கட்டையை எடுத்துப் பிள்ளையின் விரலிலேயே போட்டாள். "காலியா விடுவியா? காலியா விடுவியாட்டி?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி.

அன்றைக்குப் பிறகு செல்வியின் தட்டு ஒரு நாளும் திரும்பியதில்லை. அதை முப்பிடாதி எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பாள்.

*

மறுநாள் சாயங்காலம் முப்பிடாதி ஆபீஸிலிருந்து இருபத்துநாலு பெட்டிகள் கொண்டுவந்தாள். லேபிள் கோணலாக ஒட்டிக் கழித்துப் போட்டவை. கூடவே மருந்து முக்காத வெறும் குச்சி ஒரு கட்டு.

"இங்கன வச்சுப் படி" என்றாள். "ஒரு கேள்வி நல்லாத் தெரிஞ்சா ஒரு பெட்டிய நெற. தெரியலன்னா பெட்டியச் சும்மா வச்சிரு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்."

செல்வி அம்மாவை விநோதமாகப் பார்த்தாள். பிறகு வேப்பமர நிழலில் பாயை விரித்து உட்கார்ந்தாள்.

திமிங்கிலம் பாடுவதைப் பற்றி ஏதோ ஒரு கட்டுரை. செல்வி வாய்க்குள் வாசித்தாள். முதல் நாலு பெட்டி நிறைந்தது. ஐந்தாவதில் கை போய், நின்று, திரும்பி வந்தது. பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. ஆறும் அப்படியே. ஏழு நிறைந்தது. முப்பிடாதி வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தாள். திறந்து கிடந்த அந்தப் பெட்டிகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது.

அரை மணி கழித்து செல்வி நிமிர்ந்தாள். "எம்மா, நான் எட்டு விட்டேன்லா?"

"ஆமா."

"ஆறுதான இருக்கு?"

முப்பிடாதி குனிந்து பார்த்தாள். ஐந்தாவது பெட்டியும் ஆறாவது பெட்டியும் நிறைந்து மூடியிருந்தன. அவளுடைய வலது கையில் மூன்று குச்சிகள் மிச்சம் இருந்தன. எப்போது எடுத்தாள், எப்போது அடைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்விதான் முதலில் சிரித்தாள். பிறகு முப்பிடாதிக்கும் சிரிப்பு வந்து, அது கண்ணில் தண்ணீர் வரும் மட்டும் நிற்கவில்லை. அந்த வருஷத்தில் அந்த வீட்டில் கேட்ட பெரிய சிரிப்பு அதுதான்.

"இங்க என்ன கூத்து நடக்கு?" என்று கேட்டுக்கொண்டே கண்ணுசாமி வந்தார். செல்வியின் அப்பா. மழையை நம்பி உளுந்தைப் புழுதியிலேயே விதைத்துவிட்டு, தினமும் காட்டுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்.

"ஒங்க மவ கேள்விய விடப் படிக்கா."

"விடுதத ஒருத்தன் படிக்கணுமா? நாப்பது நிமிசத்துல இருவத்தினாலு கேள்வியாமே. எனக்கு ஒரே கேள்விதான். மழ எப்ப வரும்? நாப்பது வருசமாச் சும்மாதான் விட்டு வச்சிருக்கேன். எனக்கு யாரும் மார்க்கு போடல."

"ஒங்களுக்குக் கழிவும் இல்லல்லா?" என்றாள் செல்வி.

"யாரு சொன்னா?" என்று தன் ஒட்டிய வயிற்றைத் தடவிக் காண்பித்தார் கண்ணுசாமி. "ஏளா, சோத்தப் போடு."

அடுத்த வாரம் மழை இறங்கியது. கரிசல் இளகிச் செருப்பைப் பிடுங்கியது. வேப்பமரத்தடியிலிருந்து பெட்டிகள் வீட்டுக்குள் வந்தன. தினமும் முப்பிடாதி வேலை முடிந்து வந்து, இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு மகளுக்கு எதிரே உட்காருவாள். மாதிரிப் பரீட்சையில் செல்விக்கு வெர்பல் எழுபத்தொன்பது வந்தது. பிறகு எண்பத்துநாலு. கார்த்திகை பிறந்தபோது எண்பத்தாறு.

*

பரீட்சை திருநெல்வேலியில், நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்கு. தாயும் மகளும் காலை பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்தார்கள். பரீட்சை நடக்கும் கட்டடம் ஊருக்கு வெளியே இருந்தது. மோதிரம், கொலுசு, முடிக் கிளிப்பு வரை கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு செல்வி உள்ளே போனாள்.

முப்பிடாதி எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைச் சாய்ப்பில் ஒதுங்கினாள். முதல் நாற்பது நிமிஷம் வெர்பல் என்று செல்வி சொல்லியிருந்தாள். கடைக்காரரிடம் மணி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எத்தன தடவக்கா கேப்பிய? ஒங்க மவளா? என்ன பரீட்ச?"

"விடுற பரீட்ச" என்றாள் முப்பிடாதி. கடைக்காரர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

இடுப்பில் ஒரு காலிப் பெட்டியைச் செருகிக் கொண்டுவந்திருந்தாள். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டாள். ஒன்று பத்து ஆகும்வரை திறக்கவில்லை. எந்தச் சாமிக்கும் அவள் அன்றைக்கு நேர்ந்துகொள்ளவில்லை. கையை நிறுத்தி வைப்பதே போதும் என்று நினைத்தாள்.

இரண்டே முக்காலுக்கு செல்வி வெளியே வந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"எத்தனட்டி விட்ட?"

செல்வி குனிந்து செருப்பு வாரை மாட்டினாள். மாட்டி முடித்து நிமிர்ந்தாள். "ஒம்பது" என்றாள்.

முப்பிடாதி ரோட்டிலேயே மகளின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, கட்டிக் கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்தார்கள். செல்வி பாதி தின்றுவிட்டு மூடி வைத்தாள். பசி செத்துப்போச்சு என்றாள்.

*

"ஒம்பது விட்டுட்டா" என்று முப்பிடாதி ஆபீஸில் சொல்லாத ஆள் இல்லை.

"விட்டதுக்கா இம்புட்டுப் பெரும?" என்றாள் அமுதவள்ளி. "இங்க ஒண்ணு விட்டா உரிச்சுப் போடுதாவ. அங்க ஒம்பது விட்டா பெரிய காலேஜில எடம் குடுக்காவளா? எங்கட்டி இருக்கு அந்த ஊரு? என்னையும் கூட்டிட்டுப் போ."

டிசம்பர் இரண்டாம் வாரம் சோலைச்சாமி முப்பிடாதியைத் தனியாகக் கூப்பிட்டார். உள்ளே ஏசி ரூமில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் கல்யாணமாகிப் போகிறாளாம். "மொதலாளி ஒம் மவளக் கேக்கச் சொன்னாவ. இன்ஜினியர் பிள்ள, இங்கிலீசு கடுதாசி எழுதும், எக்ஸ்போர்ட்டு வேலைக்கு ஆவும்னு சொல்லுதாவ. நல்ல சம்பளம். திங்கக்கெழமைக்குள்ள சொல்லணும். இல்லன்னா மொதலாளியம்மா அண்ணன் மக இருக்கு."

திங்கட்கிழமை வரைக்கும் முப்பிடாதிக்குத் தேவைப்படவில்லை. "அவ போயிருவா அண்ணாச்சி. ஒம்பது விட்டிருக்கா."

"வீட்டுல ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு."

"கேக்க என்ன இருக்கு? அந்த அண்ணன் மவளையே வைக்கச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் செல்வி கொள்ளை வறுத்து அம்மியில் காணத் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரமாக அவள் ஜெயபாண்டி மாடிக்குப் போகவில்லை. சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பிடாதி சேலையை உதறிக் கட்டிக்கொண்டே, தான் வேலையை வேண்டாம் என்று சொன்ன கதையைச் சொன்னாள். சோலைச்சாமியின் முகம் போன போக்கை நடித்துக் காட்டினாள்.

குழவி நின்றது.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லாம்மா."

"கேட்டா நீ என்னட்டி சொல்லியிருப்ப?"

செல்வி குழவியின் இரண்டு பக்கமும் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தாள். வெளியே ஆடு கத்தியது.

"ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். திரும்பவும் அரைக்க ஆரம்பித்தாள். அன்றைக்குத் துவையலில் உப்பு போட மறந்துவிட்டாள். கண்ணுசாமி மட்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார்.

*

மார்கழியில் ஒரு நாள், முப்பிடாதிக்கு வாராந்திர லீவு, பதினோரு மணி இருக்கும். ஜெயபாண்டி மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். சக்கரம் இரண்டிலும் கரிசல் மண் அப்பியிருந்தது.

"காலையிலருந்து அடிக்கேன், போன எடுக்க மாட்டேங்கா" என்றார். "ரிசல்ட்டு வந்துட்டுக்கா. அவ நம்பரப் போட்டு நானே பாத்துட்டேன்."

முப்பிடாதி நாற்காலியை எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. செல்வி உள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கணக்குல தொண்ணூத்தெட்டு. நல்ல மார்க்கு" என்று ஆரம்பித்தவர், நிறுத்தி, பிறகு சொன்னார். "வெர்பல் எழுபது புள்ளி எட்டு."

"தப்பா வந்திருக்கும் சார்" என்றாள் முப்பிடாதி. "அவ ஒம்பது விட்டா."

ஜெயபாண்டி செல்வியைப் பார்த்தார். "ரிசல்ட்டுக்கு முன்னாடியே நம்ம எழுதுன தாள அனுப்பியிருப்பாவ. பாத்திருப்பியே. விடலையா நீ?"

"இல்ல சார்."

முப்பிடாதி மகள் பக்கம் திரும்பினாள்.

"முப்பத்தெட்டு நிமிசம் விட்டுத்தாம்மா வச்சிருந்தேன்" என்றாள் செல்வி. அவள் அழவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள். "பதினஞ்சு எழுதிட்டேன். ஒம்பது செவப்பா நின்னுச்சு. ரெண்டு நிமிசம் மிச்சம் இருந்துச்சு. சும்மா இருந்திருக்கலாம். கைய எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். அப்புறம் பாக்கேன், கை மவுஸ் மேல இருக்கு. ஒண்ணு, ரெண்டுன்னு ஒம்பதையும் நெறச்சுட்டேன். கேள்வியக்கூட வாசிக்கல. எல்லாம் பச்சையாப் போச்சு. நெஞ்சு அடிக்கது அப்படியே நின்னு போச்சும்மா. அம்புட்டு நிம்மதியா இருந்துச்சு."

"அப்ப ஏன்ட்டி எங்கிட்ட விட்டேன்னு சொன்ன?"

"நீ எத்தனன்னு கேட்ட." செல்வி கதவை விட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். "அதையும் என்னால காலியா விட முடியல."

ஜெயபாண்டி ஏதோ சொல்ல வந்தார். அடுத்த வருஷம் என்று ஆரம்பித்தவர், ஐந்து தடவை எழுதியவர் என்பதாலோ என்னவோ, தானே நிறுத்திக்கொண்டார். காப்பி வேண்டாம் என்றார். மோட்டார் சைக்கிள் சத்தம் ரோட்டைத் தொடும்வரை தாயும் மகளும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கண்ணுசாமி எப்போது வந்து தொழுவத்து ஓரமாக நின்றார் என்று தெரியவில்லை. உளுந்துச் செடி ஒன்றைப் பிடுங்கிக் கொண்டுவந்திருந்தார், காய் பிடித்திருப்பதைக் காட்ட. அதைக் காட்டாமல் ஆட்டுக்குப் போட்டார்.

செல்வி கதவோரமாக உட்கார்ந்தாள். முப்பிடாதி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஆறாப்பு லீவுதான அது? நான் ஒன்ன அடிச்சது?"

"ஆமா."

"கையிலதான அடிச்சேன்?"

"ஆமாம்மா."

"வலிச்சுதாட்டி?"

"அது அப்பயே போயிருச்சு" என்றாள் செல்வி.

*

பொங்கல் கழிந்தது. செல்வி பழைய கம்பெனிக்குப் பேசிப் பார்த்தாள். பார்க்கிறோம் என்றார்கள். பேச்சே எடுக்க மாட்டேன் என்று சொன்னபடி அவள் பரீட்சைப் பேச்சை எடுக்கவில்லை. புத்தகங்களைச் சாக்கில் கட்டி ஜெயபாண்டியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். கோணல் லேபிள் பெட்டிகள் இருபத்துநாலும் அடுப்பங்கரையில் கிடந்தன. கண்ணுசாமி அதில் ஒன்றில் மிளகாய் விதை போட்டு வைத்திருந்தார்.

தை கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலையில் முப்பிடாதி தூக்குவாளியில் சோறு அடைத்துக்கொண்டிருந்தபோது, செல்வி இன்னொரு தூக்குவாளியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கும் போடும்மா."

"எதுக்கு?"

"கம்பெனில கூப்பிடுத வரைக்கும் சும்மா உக்காந்து என்ன செய்ய? கொஞ்ச நாளைக்கு."

முப்பிடாதி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஏசி ரூமை வேண்டாம் என்று சொன்னதும் இந்த வாய்தான். சோற்றை இரண்டாகப் பிரித்தாள்.

ஆபீஸில் அமுதவள்ளி என்ன சொல்லப்போகிறாளோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தாள். அமுதவள்ளி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் தட்டை இழுத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள். வரிசையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பூனைப் பரீட்சையைப் பற்றி ஒருத்தியாவது நக்கல் பேசினால் நன்றாக இருக்கும் என்று முப்பிடாதிக்குத் தோன்றியது. பேசியிருந்தால் பதிலுக்கு ஏசியிருக்கலாம். முன்னால் ஏசி ரூமின் கண்ணாடிக்குப் பின்னே முதலாளியம்மாவின் அண்ணன் மகள் கம்ப்யூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

செல்வி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பதினான்கு வருஷத்துக்குப் பிறகு தொடுகிறாள். முதல் பத்துப் பெட்டிக்கு விரல் தடுமாறியது. பிறகு இடது கை எடுத்தது, வலது கை அள்ளியது, கட்டை விரல் தள்ளியது. மத்தியானத்துக்குள் அமுதவள்ளியை எட்டிப் பிடித்துவிட்டாள்.

மூன்று மணிக்கு சோலைச்சாமி தட்டு வாங்க வந்தார். செல்வியின் தட்டில் ஒரு பெட்டியை உருவிக் காதோரம் ஆட்டினார். குச்சி கலகலத்தது. மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று, அடிவரிசையில் இரண்டு. எல்லாம் பேசின. என்ன நினைத்தாரோ, வழக்கமில்லாத வழக்கமாக இன்னும் நாலை எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

"சும்மா சொல்லக் கூடாது முப்பிடாதி" என்றார், முப்பது பேருக்கும் கேட்கும்படி. "எத்தன வருசம் கழிச்சு வந்திருக்கு பிள்ள. ஒரு பெட்டி காலி இல்ல. ஒண்ணு காலி இல்ல."

எல்லோரும் முப்பிடாதியைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"அப்படித்தான் வளத்தேன் அண்ணாச்சி" என்றாள்.

சோலைச்சாமி சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். செல்வி நிமிரவில்லை. அவள் இடது கை அடுத்த பெட்டியை எடுத்திருந்தது.